உடைந்த தெர்மாமீட்டரும் ஒரு உருண்டைப் பாதரசமும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். இரண்டு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் பார்க்கும்போது கண்ணாடித் தெர்மாமீட்டர் நழுவி மொசைக் தரையில் விழுந்து உடைந்துவிட்டது. வெள்ளி உருண்டைகள் கட்டிலுக்கு அடியில் ஓடின. பையன் ஒன்றை எடுத்து வாயில் போட்டான் என்று மாமியார் சொல்கிறார்; நீங்கள் பார்க்கவில்லை. அவர் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார், துடைப்பத்தால் பெருக்கி ஈர மாப் போட்டார், வாரியதை வாஷ்பேசினில் கொட்டினார். நீங்கள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பாதரசம் விஷமாயிற்றே, வயிற்றைக் கழுவ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா, ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேட்கிறீர்கள். விழுங்கிய உருண்டை என்ன செய்யும் என்பதுதான் உங்கள் கவலை. மீதி உருண்டைகள் கிடக்கும் அறை என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கவலை.

முதலில் வயிறு. விழுங்கியே இருந்தாலும் பயப்பட வேண்டாம். தெர்மாமீட்டரில் இருப்பது உலோகப் பாதரசம். அது குடல் வழியாக ரத்தத்தில் கலப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உருண்டபடியே போய் ஓரிரு நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். ஒரு காலத்தில் ஐரோப்பிய வைத்தியர்கள் குடல் அடைப்புக்குப் பாதரசத்தைக் கிண்ணக் கணக்கில் குடிக்கக் கொடுத்தார்கள், அதன் கனத்தில் அடைப்பு விலகும் என்று. அது நல்ல வைத்தியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் தெர்மாமீட்டரில் இருந்ததே மொத்தம் அரை கிராம் முதல் ஒரு கிராம்தான். தண்ணீரைவிட 13 மடங்குக்கு மேல் கனமான பொருள் என்பதால் ஒரு கிராம் என்பது ஒன்றரைச் சொட்டு அளவு. அதில் பையன் எடுத்தது ஒரு துளி.

ஆகவே வயிறு கழுவ வேண்டாம். ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். உடைந்த கண்ணாடிச் சில்லுதான் இங்கே பெரிய தொந்தரவு. டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். நாக்கிலோ ஈறிலோ கீறல், ரத்தம் இருந்தால் காலையில் காட்டுங்கள். உப்புத் தண்ணீர் விஷயத்தை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: சின்னக் குழந்தைக்கு உப்பைக் கரைத்துக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம். இந்தச் சம்பவத்தில் விழுங்கிய பாதரசத்தைவிட அந்த உப்புத் தண்ணீர் டம்ளர்தான் ஆபத்து. பையன் சிறுநீர் கழிக்கிறானா, வழக்கம்போல் விளையாடுகிறானா என்று பாருங்கள். அசாதாரணத் தூக்கமோ விடாத வாந்தியோ இருந்தால் இரவென்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். விழுங்கும்போது புரையேறி, அதன்பின் இருமிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். நான் இங்கிருந்து குழந்தையைத் தொட்டுப் பார்க்க முடியாது. பார்க்கிற மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இனி அறை. வயிற்றில் சாதுவாக இருக்கும் அதே பாதரசம் ஆவியாகி நெஞ்சுக்குள் போனால் கதை வேறு. மூச்சில் போகும் பாதரச ஆவியில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும், கர்ப்பிணியாக இருந்தால் நஞ்சுக்கொடி தாண்டிக் கருவுக்கும் போகும். நிறமும் மணமும் இல்லாததால் இருப்பதே தெரியாது. சாதாரண அறை வெப்பத்திலேயே அது மெதுவாக ஆவியாகிறது. 10 டிகிரி கூடினால் ஆவி ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. நம் ஊர் மே மாதத்து மத்தியான அறையைக் குளிர்நாட்டு அறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

துடைப்பம் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். ஒரு பெரிய உருண்டையை ஆயிரம் சம உருண்டைகளாக உடைத்தால் அதன் மேற்பரப்பு பத்து மடங்காகும். ஆவியாவது மேற்பரப்பிலிருந்துதான். துடைப்பமும் மாப்பும் உருண்டையைத் தூளாக்கி மொசைக் இடுக்கிலும் கட்டில் கால் அடியிலும் அப்பிவிடும். வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம். அது சூடாக்கி அறை முழுக்க ஊதிவிடும். மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். தரையில் எது சிந்தினாலும் பெருக்கித் துடைப்பதுதான் வழக்கம். நான் படித்த காலத்தில் ஆஸ்பத்திரி வார்டிலேயே அதைத்தான் செய்தோம்.

இப்போது செய்ய வேண்டியது. நீங்களும் பையனும் வேறு அறைக்குப் போய்விடுங்கள். சுத்தம் செய்வது கணவரோ வேறு யாரோ இருக்கட்டும். வீட்டுப் பக்கம் உள்ள கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஏசி வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். ரப்பர் கையுறை போட்டு, விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் கண்ணுக்குத் தப்பிய மணிகள் மின்னும். கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை எடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளி ஒன்று சேருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள மூடிபோட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் விடுங்கள். பொடி மணிகளை செல்லோடேப்பால் ஒற்றி எடுக்கலாம். துடைப்பம், மாப் துணி, டேப், கையுறை எல்லாம் ஒரு கெட்டியான கவரில் போட்டுக் கட்டி வீட்டுக்கு வெளியே வையுங்கள். அந்தத் துணியை வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். மெத்தையிலோ பாயிலோ சிதறியிருந்தால் அந்த விரிப்பைத் தியாகம் செய்துவிடுவது நல்லது.

வாஷ்பேசினில் கொட்டியது இன்னும் அங்கேதான் இருக்கும். கனமான பொருள், கீழே வளைந்த குழாயின் அடியில் தங்கிவிடும். அந்த வளைவைக் கழற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள். அடியில் வாளி வைத்துக் கழற்றினால் மணி அப்படியே விழும். அதையும் பாட்டிலில் சேருங்கள்.

ஒரு தெர்மாமீட்டர், காற்றோட்டமான அறை, பெரும்பாலும் வாரி எடுத்தாகிவிட்டது என்றால், உங்களுக்கோ கருவுக்கோ தீங்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அது பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். மூடிய, கம்பளம் விரித்த அறையில் உடைந்த தெர்மாமீட்டரைச் சரியாக எடுக்காமல் விட்டு, வாரக்கணக்கில் அங்கேயே விளையாடிய குழந்தைகளுக்கு நோய் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும், வியர்த்துக் கொட்டும், குழந்தை காரணமில்லாமல் அழுதுகொண்டே இருக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், பல் முளைக்கும் குழந்தைகளுக்குத் தந்த பொடியில் பாதரச உப்பு இருந்ததால் மேல்நாடுகளில் இந்த நோய் பரவலாக இருந்தது. பொடியை நிறுத்தியதும் நோயும் போனது. அதனால் ஒரு வாரமாவது வேறு அறையில் படுங்கள். வரும் வாரங்களில் பையனிடம் இந்த அடையாளங்கள் தெரிந்தால் மருத்துவரிடம் முதல் வரியிலேயே தெர்மாமீட்டர் கதையைச் சொல்லுங்கள். அப்போது சிறுநீரில் பாதரசத்தைப் பார்க்கச் சொல்வார். ரத்தத்தில் மட்டும் பார்த்தால் முந்தின நாள் சாப்பிட்ட மீன்கூடக் கணக்கைக் குழப்பும். உடலிலிருந்து விஷத்தை இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதன்பின் சிறுநீரைப் பிடித்து, "பாருங்கள் எவ்வளவு பாதரசம்" என்று காட்டும் இடங்கள் இருக்கின்றன. அந்த மருந்து கொடுத்தால் யாருக்கும் எண் ஏறும். அங்கே போகாதீர்கள்.

கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, பாதரசம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு ஆட்கள்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வார்டில் மேசைமேல் நிற்கும் பி.பி. கருவி ஒன்று விழுந்து உடைந்தது. அந்தக் கருவியில் சுமார் 100 கிராம் பாதரசம் இருக்கும். உங்கள் தெர்மாமீட்டர் நூறு உடைந்ததற்குச் சமம். ஆயா துடைப்பத்தால் மூலைக்குத் தள்ளினார். நாங்கள் கொஞ்சத்தைப் பென்சிலின் பாட்டிலில் பிடித்து, உள்ளங்கையில் உருட்டி, செம்புக் காசில் தேய்த்து வெள்ளிக் காசாக்கி விளையாடினோம். மருந்தியல் பாடத்தில் பாதரச விஷத்துக்கு மார்க் வாங்கியவர்கள்தான் எல்லோரும். மீதி அந்த மரமேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் கிடந்தது. சிஸ்டர்கள் அதே மேசையில் எட்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்து சார்ட் எழுதினார்கள். யாருக்காவது தீங்கு வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த அறைக் காற்றை யாரும் அளக்கவில்லை. தெர்மாமீட்டர் உடைந்தால் விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து நர்ஸிங் மாணவிகள் சத்தமில்லாமல் கட்டிலடியில் தள்ளிவிட்டதும் உண்டு. பாதரசத் தெர்மாமீட்டர், பி.பி. கருவி ஆகியவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குள் நிறுத்தும்படி, பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை சொன்னது; இந்தியா 2018-இல் அதில் சேர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் மாறிவிட்டது. சின்ன கிளினிக்குகளின் அலமாரியில் இன்னும் நிற்கிறது.

இப்படிப்பட்ட தெர்மாமீட்டர்களைச் செய்த ஆலை ஒன்று நம் பக்கத்திலேயே இருந்தது. நம் கொடைக்கானலில். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஆலையைப் பெயர்த்து 1980களில் அங்கே நிறுவினார்கள். பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டுவந்த பிறகு ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2016-இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. உடல்நலக் கேடு ஆலையால்தான் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. பக்கத்தில் இருக்கும் பாம்பார் சோலையின் மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதிலும் நெடுநாள் வாதம் நடந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பாதரச ஆவியை நாளெல்லாம் சுவாசிக்கிறவருக்கு வரும் நோய் மிகச் சாதாரணமான முகத்தோடு வருகிறது. கை நடுங்கும். ஈறு வீங்கும். தூக்கம் வராது. எரிச்சல் வரும், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடலாம், ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது அப்படித்தான் நடக்கும். நோயாளியிடம் "உன் தொழில் என்ன" என்று கேள் என இத்தாலிய வைத்தியர் ராமசினி 1700-லேயே எழுதினார். தங்க முலாம் பூசுபவர்களைப் பாதரசம் என்ன செய்கிறது என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். என் ஓ.பி. சீட்டில் இன்றைக்கும் பெயர், வயது, பால் என்ற மூன்று கட்டங்கள்தான். தொழிலுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் கையால் எழுதிக்கொள்கிறேன். நகைப்பட்டறையில் தங்கத் தூளைப் பாதரசத்தோடு சேர்த்துச் சூடாக்குபவர் மூச்சிரைக்கிறது என்று வந்தால், அந்த ஒரு கேள்வி எல்லா ஸ்கேனுக்கும் முன்னால் வர வேண்டும்.

தொழிலைக் கேட்டாலும் பிடிபடாத வழி ஒன்று சமீபத்தில் தெரிய வந்தது. கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரில் புரதம் கொட்டி, உடம்பு வீங்கி வந்தவர்களில் ஒரு வகை நோய் இருந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்த நோயிலேயே அரிதான ஒரு உட்பிரிவு இருந்தது. அவர்களில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். பாதரச உப்பு தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும். அதனால் கிரீம் நிஜமாகவே வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் அந்த உப்பு, உலோகப் பாதரசம் போலச் சாதுவல்ல. தோல் வழியாகவே இறங்கிச் சிறுநீரகத்தில் உட்காருகிறது. பூசியவரின் துண்டு, தலையணை உறை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் போகிறது. இப்படிப்பட்ட கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்பது விதி. தயாரித்தவர் பெயரும் மூலப்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவில் அந்த விதியை யார் பார்க்கிறார்கள்? கிரீமை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து வரும் இளம்பெண்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்றுதான். அம்மா பக்கத்தில் இருந்தால் பதில் வராது. வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும்.

பல்லில் இருக்கும் வெள்ளி அடைப்பைப் பற்றியும் இன்னொருவர் கேட்பார். அதில் பாதி பாதரசம்தான். இருக்கிற அடைப்பால் நோய் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைத் தோண்டி எடுக்கும்போதுதான் ஆவி அதிகம். அதனால் கர்ப்ப காலத்தில் எடுக்கவும் வேண்டாம், புதிதாக வைக்கவும் வேண்டாம். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்க்கும்படி 2022-இல் மினமாட்டா உடன்படிக்கையிலும் சேர்த்துவிட்டார்கள். சித்த மருந்துகளில் ரசம், லிங்கம், பூரம், வீரம் என்று வருவனவெல்லாம் பாதரசமும் அதன் கூட்டுகளும்தான். லிங்கம் குடலில் சொற்பமாகவே ஏறுகிறது. வீரம் கொல்லும் விஷம். முறையாகச் சுத்தி செய்தால் ஆபத்தில்லை என்பது சித்த மருத்துவர்களின் நிலை. தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் பெயர் எழுதாத பொட்டலத்தைக் கர்ப்பிணி சாப்பிடக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை.

உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு உண்மையான பாதரச வழி அநேகமாக மீன்தான். ஆலைக் கழிவிலும் நிலக்கரிப் புகையிலும் வெளியேறும் பாதரசத்தை நீரில் உள்ள நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன; சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய் அதுதான். அங்கே ஆலையே மெத்தில் பாதரசத்தைக் கடலில் விட்டது. தாய்மார்களுக்கு அறிகுறி லேசாகவோ இல்லாமலோ இருக்க, பிள்ளைகள் மூளை பாதித்துப் பிறந்தார்கள். நம் கடலில் நிலைமை அப்படியில்லை. அதற்காக மீனையே விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் மூளைக்கு மீன் வேண்டும். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி தாராளமாகச் சாப்பிடுங்கள். பெரிய சுறாவையும் பெரிய சூரையையும் பிரசவம், பாலூட்டல் முடியும் வரை தள்ளிவைக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு பால் ஊற சுறாப்புட்டு செய்து தருவார்கள். சின்னப் பால் சுறாவாக எப்போதாவது ஒருநாள் என்றால் நான் தடுக்க மாட்டேன், தினமும் வேண்டாம்.

அந்தப் பாட்டிலை என்ன செய்வது என்பதுதான் எனக்கே திருப்தியான பதில் இல்லாத இடம். சட்டப்படி அது வீட்டு அபாயக் கழிவு. தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியது உள்ளாட்சி. உங்கள் வார்டு துப்புரவு ஆய்வாளரிடம் கேளுங்கள். அவர் விழித்தால், பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி எதிலாவது மருத்துவக் கழிவைப் பார்க்கும் அலுவலரிடம் கெஞ்சிப் பாருங்கள், சிலர் வாங்கிக்கொள்வார்கள். அதுவரை இறுக மூடி, மேலே எழுதி ஒட்டி, பையன் கைக்கு எட்டாமல் வீட்டுக்கு வெளியே வையுங்கள். குப்பையில் போட்டால் எரிக்கும்போது ஆவியாகும், சாக்கடையில் விட்டால் ஆற்றுக்குப் போகும்.

புதுத் தெர்மாமீட்டர் டிஜிட்டலாக வாங்குங்கள். ஆனால் அதன் பின்மூடிக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ரிமோட்டில் இருக்கும் பெரிய வட்டப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்கத் தொடங்கிவிடும். பையன் பேட்டரியை விழுங்கினான் என்று சந்தேகம் வந்தால்கூட, அது எந்த அளவாக இருந்தாலும், இங்கே கேள்வி எழுதிக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராக ஓடுங்கள்.